அத்தையின் குரலை எங்கே வைப்பது?

என் பூட்டியின் பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது 2017 டிசம்பரில், கோத்தகிரி பஸ் நிலையத்தில், போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு. ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து என் அத்தை வாட்ஸாப்பில் பேசி அனுப்பிய குரல்பதிவு அது. மொத்தம் 47 விநாடி. “மருமகளே, நல்லாக் கேட்டுக்க. ஒங்க தாத்தாவப் பெத்தவ பேரு…” என்று தொடங்குகிறாள். அந்தக் கிழவி எந்த ஊரில் பிறந்தாள், தாது வருஷப் பஞ்சத்தில் சின்னப் பிள்ளையாக யார் கையைப் பிடித்துக்கொண்டு கண்டிச் சீமைக்கு நடந்தாள் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். நடுவில் ஒரு கோழியை விரட்டுகிறாள். பின்னால் தகரக் கூரையில் மழை விழுகிறது.

அடுத்த வருஷம் அந்தப் போன் அடியோடு செத்துப்போனது. நான் பேக்கப் எடுத்து வைத்திருக்கவில்லை. அத்தையிடம் மறுபடி கேட்டேன். அதற்குள் அவளுக்கு ஞாபகம் கலங்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் ஒரு பெயர் சொன்னாள், இன்னொரு நாள் வேறு பெயர். 2021இல் அவளும் போய்விட்டாள்.

அன்றிலிருந்து என்னிடம் யாராவது, “எங்க குடும்பத்துக்கு ஒரு குழு ஆரம்பிக்கணும் டீச்சர், வாட்ஸாப்ல வைக்கவா, ஃபேஸ்புக்ல வைக்கவா?” என்று கேட்டால், பதிலுக்கு நான் ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் வீட்டில் பழைய சேதி தெரிந்த மூத்தவர் யார், அவருக்கு எந்தச் செயலி கைக்கு வரும்? அதற்குப் பதில் கிடைத்தால்தான் மற்றதைப் பேச முடியும்.

நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்தவர்கள் சுமார் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரின் கதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். கணக்கு இரண்டு தேசங்களுக்கு இடையில் போடப்பட்டாலும், கிழிந்தது தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் ஒவ்வொரு காம்பிராவுக்குள்ளும்தான். என் அப்பாவுக்கு இந்தியா வந்தது. அத்தையின் புருஷனுக்கு இலங்கை கிடைத்தது. 1973இல், எனக்கு எட்டு வயதில், ஹட்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். அந்த ரயிலுக்கு எங்கள் ஜனங்கள் வைத்த பெயர் அழுகைக் கோச்சி. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம். அத்தையின் கடிதங்கள் 1983 வரை வந்தன. அதற்குப் பிறகு வரவில்லை.

33 வருஷம் கழித்து அவளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஃபேஸ்புக். 2016இல் என் அண்ணன் மகன் நாங்கள் பிறந்த தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தான். மாரியம்மன் கோயில் திருவிழாப் படம் ஒன்று கிடைத்தது. அதை ஏற்றியிருந்தவன் இருபது வயதுப் பையன். “எங்க தாத்தா இதே தோட்டத்துல அஞ்சாம் லயத்துல இருந்தாரு, அவரு தங்கச்சி இன்னும் இருக்காங்களா தம்பி?” என்று இவன் அடியில் எழுதினான். இரண்டு நாளில் பதில் வந்தது. “அவங்க எங்க ஆயாதான் அண்ணா.”

இந்த வேலையை வாட்ஸாப்பால் செய்திருக்க முடியாது. வாட்ஸாப்பில் பேச, முதலில் நம்பர் தெரிந்திருக்க வேண்டும். நம்பர் தெரிந்த சொந்தம் தொலைந்த சொந்தம் அல்லவே. முகம் தெரியாதவர் தேடி வந்து கதவைத் தட்ட ஓர் இடம் வேண்டும். ஃபேஸ்புக் குழு அப்படிப்பட்ட வாசல். ஆனால் அதே சமயம், கண்டுபிடித்த மறுநாளே அத்தையோடு பேச அது உதவவில்லை. அவளுக்குத் தமிழ் எழுத்து கூட்டத் தெரியாது. பேரன் வாட்ஸாப்பைத் திறந்து, மைக் படத்தில் அவள் பெருவிரலை வைத்து அழுத்திக் காட்டினான். ஒரே நாளில் கற்றுக்கொண்டாள்.

குரல் எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் குடும்ப வரலாற்றுக் குழுக்களைப் பார்த்தால் எனக்கு ஏக்கமாக இருக்கும். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனுக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது. ஆளுக்கு ஒரு எண், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பிஜிக்குப் போனவர்களுக்கும் அப்படித்தான் பயணச் சீட்டு உண்டு. மொரீஷியஸில் மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் கூலிகளின் புகைப்படங்கள்கூட இருக்கின்றன. அவர்கள் குழுவில் ஒருவர் ஒரு தாளின் படத்தைப் போட்டால் போதும், நாலு பேர் கூடிப் படித்துக் கிராமத்தைச் சொல்லிவிடுவார்கள். அவர்களுடைய குழு காகிதத்தைச் சுற்றி நடக்கிறது. ஆகவே படமும் எழுத்தும் தெளிவாக நிற்கிற, தேடினால் அகப்படுகிற ஃபேஸ்புக் அவர்களுக்குப் பொருந்துகிறது.

இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களில் பெரும்பாலோர் கங்காணி வழியாகப் போனவர்கள். கங்காணி ஊருக்கு வந்தான், முன்பணம் கொடுத்தான், கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போனான். ஆளுக்கொரு ஒப்பந்தத் தாள் கிடையாது. 1900களின் தொடக்கத்தில் இலங்கைக்குப் போனவர்களின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. அதில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருக்கும், பெயர் இருக்காது. தோட்டத்துப் பிறப்புப் பதிவு, செக்ரோல் என்கிற ஆள் பதிவேடு, கத்தோலிக்கர்களுக்கு ஞானஸ்நானப் பதிவு என்று சில தடயங்கள் உண்டுதான். ஆனால் பூட்டன் எந்த ஊரிலிருந்து கிளம்பினான் என்ற கேள்விக்கு எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே ஆவணம், எண்பது வயது ஆயாவின் வாய்தான். ஆகவே குரலை எளிதாக வாங்குகிற செயலிதான் எங்களுக்கு முதல் செயலி. பூட்டன் கங்காணியோடு போனானா, கப்பல் சீட்டோடு போனானா என்பதைப் பொறுத்து உங்கள் குழுவின் இடமும் மாறும்.

சரி, வாட்ஸாப்புக்கு வருகிறேன். எங்கள் குடும்பக் குழுவை 2017இல் அதில் தொடங்கியபோது ஒரு குழுவில் 256 பேர்தான் இருக்க முடியும். 2022இல் அது 512 ஆகி, அந்த வருஷமே 1,024 ஆனது. ஆள் எண்ணிக்கை எங்களுக்கு ஒரு பிரச்சினையாக இருந்ததே இல்லை. பிரச்சினை மூன்று இடத்தில் வந்தது. முதலாவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அதற்கு முன் பேசியது எதுவும் தெரியவில்லை. சேர்கிறவர் ஒவ்வொருவரும் “நம்ம குலதெய்வம் எங்க இருக்கு?” என்றே ஆரம்பிப்பார். ஆறு மாதம் முன்பு ஒரு பெரியவர் அரைமணி நேரம் சொன்ன பதில் மேலே எங்கோ கிடக்கும். காலை வணக்கப் படங்களும் மாரியம்மன் வாழ்த்துகளும் அதன்மேல் மண் மாதிரி விழுந்துகொண்டே இருக்கும்.

இரண்டாவது, படம். சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸாப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் போய்விடும். 1960களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் பின்வரிசையில் நிற்கும் கிழவரின் முகம் அந்தச் சுருக்கத்தில் புகை மாதிரி ஆகிவிடுகிறது. படமாக அனுப்பாமல் டாக்குமென்ட் என்ற வழியாக அனுப்பினால் அசல் அப்படியே போகும். இந்த ஒரு விஷயத்தை எங்கள் குழுவுக்கு நான் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கோப்புக்குப் பெயர் வைத்து அனுப்பினால் இன்னும் நல்லது: வருஷம், தோட்டம், யார் யார், யாரிடமிருந்து வந்தது.

மூன்றாவது, நம்பர். வாட்ஸாப் குழுவில் சேர்ந்தால் எல்லோருக்கும் எல்லோருடைய நம்பரும் தெரியும். எங்கள் குழுவில் சேர்ந்த ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு, தன்னைச் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்ட ஒருவனிடமிருந்து இரவில் அழைப்புகள் வந்தன. அவள் ஒரு வார்த்தையும் சொல்லாமல் விலகிப் போனாள். காரணம் எனக்குத் தெரியவே மூன்று மாதம் ஆனது. சொந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம் என்பதை நான் அன்றுவரை யோசித்ததில்லை. 2022 நவம்பரில் வாட்ஸாப்பில் கம்யூனிட்டி என்ற ஏற்பாடு வந்தது. அதன் அறிவிப்புக் குழுவில் உறுப்பினர்களின் நம்பர் ஒருவருக்கொருவர் தெரியாது. பெரிய சுற்றத்துக்கு இப்போது அந்த ஏற்பாட்டையே வைத்திருக்கிறோம். ஒரே பாட்டன் வழி வந்த வீடுகளுக்கு மட்டும் உள்ளே சின்னச் சின்னக் குழு.

இன்னொன்று, செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது சனங்கள் எந்தெந்த நாட்டில் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கோத்தகிரியில் உட்கார்ந்து முடிவெடுத்தால் தவறிவிடும். இந்தியா 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடை செய்தது. இலங்கையில் அது இருக்கிறது. ஹட்டனில் என் அத்தை பேத்தி தோட்டத்துக் காமன் கூத்தை அழகாகப் படமெடுத்து டிக்டாக்கில் போடுகிறாள், எங்கள் யாராலும் பார்க்க முடியாது. அங்கே வைபர் பழக்கம் அதிகம், இங்கே அதைக் கேள்விப்பட்டவர்களே குறைவு. அத்தையின் இளைய மகன் துபாயில் வேலை செய்கிறான். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸாப் அழைப்பு வேலை செய்யாது. எழுத்தும் குரல்பதிவும் போகும். அவனோடு பேச வேண்டுமென்றால் மாறி மாறிக் குரல் அனுப்பிக்கொள்வதுதான் வழி. அது குறை என்று முதலில் நினைத்தோம். அந்தக் குறையால் என்ன கிடைத்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் கலவரம் நடந்தபோது இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸாப் எல்லாவற்றையும் சில நாள் முடக்கியது. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் அப்படியே. எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒரே நேரத்தில் மௌனமானார்கள். அந்த மௌனத்துக்குத் தடைதான் காரணமா, வேறு ஏதாவதா என்று தெரியாமல் நாங்கள் இங்கே தவித்தோம். 83இல் கடிதம் நின்றபோது அப்பா எப்படிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாரோ, அப்படி நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 2021 அக்டோபர் 4 அன்று உலகம் முழுவதும் சுமார் ஆறு மணி நேரம் ஃபேஸ்புக்கும் வாட்ஸாப்பும் இன்ஸ்டாகிராமும் சேர்ந்து நின்றுபோயின. மூன்றும் ஒரே நிறுவனத்துடையவை. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தரைவழி நம்பரோ சாதாரணக் கைபேசி நம்பரோ ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். வேறு நிறுவனத்தின் செயலி ஒன்றிலும் ஒரு கிளை வைத்தோம். அது டெலிகிராம்.

டெலிகிராம் எங்களுக்குப் பழைய பெட்டி மாதிரி பயன்படுகிறது. குழுவில் இன்று சேர்கிறவர் முதல் நாளிலிருந்து உள்ள எல்லாவற்றையும் பார்க்கும்படி வைக்கலாம். ஒரே குழுவுக்குள் தலைப்பு வாரியாக அறை பிரிக்கலாம்: தோட்டத்துக்கு ஓர் அறை, ஊருக்கு ஓர் அறை, குலதெய்வத்துக்கு ஓர் அறை. 2 ஜிபி வரை கோப்பு அனுப்பலாம். நம்பரை மறைத்துக்கொள்ளலாம். ஆனால் வாட்ஸாப் போல அங்கே குழுப் பேச்சு முனைக்கு முனை பூட்டப்பட்டது அல்ல, நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். ஆகவே பாஸ்போர்ட், குடும்ப அட்டைப் படங்களை அங்கே போடக்கூடாது என்று வைத்திருக்கிறோம். பெரியவர்கள் யாரும் அங்கே வருவதில்லை. “இன்னொண்ணு வேற எறக்கணுமா தாயி?” என்பார்கள். அவர்களை வற்புறுத்துவதில் அர்த்தமில்லை. வாட்ஸாப்பில் அவர்கள் பேசுவதை நாங்கள் நாலு பேர் எடுத்துக்கொண்டுபோய் டெலிகிராமில் உரிய அறையில் வைக்கிறோம். யாராவது ஒருவர் இந்தத் தூக்குக் கூலி வேலையைச் செய்யாவிட்டால் எந்தச் செயலியைத் தேர்ந்தெடுத்தும் பயனில்லை.

2021இல் எல்லோரும் கிளப்ஹவுஸ் என்ற குரல் அரட்டைச் செயலியில் பேசினோம். ஊரடங்கு நேரம். நுவரெலியா, கூடலூர், லண்டன் என்று ஒரே அறையில் இரவு இரண்டு மணி வரை பேச்சு. அவ்வளவு நெருக்கமாக இருந்தது. பேசியது மட்டும் காற்றோடு போனது. இன்ஸ்டாகிராம் பிள்ளைகளை உள்ளே இழுக்க நல்லது, அதற்கு மேல் எங்களுக்கு உதவவில்லை. யூட்யூபில், சுட்டி வைத்திருப்பவர் மட்டும் பார்க்கும்படி வீடியோ ஏற்றி வைக்கலாம். பெரியவர்களின் நீண்ட பேட்டிகளை அப்படி வைத்திருக்கிறோம்.

ஃபேஸ்புக் வாசலை எப்படிக் காப்பது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குழுவை வெளிப்படையானதாக வைத்தால் உறுப்பினர் எழுதுவதை ஊரே படிக்கும். தனிப்பட்டதாகவும், ஆனால் தேடினால் கண்ணில் படும்படியாகவும் வைப்பதே குடும்ப வரலாற்றுக்குச் சரி. குழு இருப்பது தெரியும், உள்ளே பேசுவது தெரியாது. சேர வருகிறவரிடம் மூன்று கேள்விகள் கேட்க அதில் வசதி இருக்கிறது. நாங்கள் கேட்பது: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன்? இந்தியாவில் எந்த ஊர் என்று வீட்டில் சொல்வார்கள்? உங்களுக்குத் தெரிந்த மிக மூத்தவர் யார்? இதற்குப் பதில் எழுத மெனக்கெடாதவர் உள்ளே வந்து வேறு ஏதோ விற்கப் போகிறார் என்று அர்த்தம்.

குழுவின் விளக்கத்தில் தோட்டத்தின் பெயர்களை எழுதும்போது எல்லா வடிவங்களையும் எழுத வேண்டும். வெள்ளைக்கார துரை வைத்த பெயர் ஒன்று, நம் ஜனங்கள் வாயில் அது தேய்ந்து வந்த வடிவம் ஒன்று, தமிழில் தாங்களாகவே வைத்துக்கொண்ட பெயர் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. ஆள் பெயரும் அப்படியே. இங்கே லட்சுமி என்பவள் அங்கே அடையாள அட்டையில் லெட்சுமி. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு டி எழுத்து புகுந்துகொள்ளும். தேடுபொறிக்கு அவள் வேறு ஆள். என் அப்பாவின் பெயரை மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதியிருக்கிறார்கள்.

பெயர் என்றதும் வம்சாவளித் தளங்கள் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஃபேமிலிசர்ச் இலவசம், அமெரிக்காவின் மார்மன் திருச்சபை நடத்துவது. ஜெனி, விக்கிட்ரீ என்று இன்னும் உண்டு. மூன்றுமே உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே மரம் என்ற யோசனையில் நடப்பவை. ஒரே பாட்டனைத் தேடும் இரண்டு வீடுகள் அங்கே தற்செயலாகச் சந்திக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அவை குடும்பப் பெயர் கேட்கும். நமக்குத் தகப்பன் பெயர்தான் தலைப்பெழுத்து. பிறகு நம் கல்யாண முறை. என் அம்மா என் அப்பாவுக்கு அத்தை மகள். என் சித்தியைக் கட்டியது அவளுடைய தாய்மாமன். மரத்தில் ஒரே ஆள் இரண்டு கிளையில் இரண்டு தடவை முளைக்கிறார். மாமன் மகனையும் சித்தப்பா மகனையும் அந்தத் தளங்கள் ஒரே சொல்லால் அழைக்கும். நமக்கு ஒருவன் முறைமாப்பிள்ளை, இன்னொருவன் கூடப்பிறந்தவனுக்குச் சமம். இந்த வித்தியாசம் தெரியாத மரம் எங்கள் குடும்பத்தைப் பாதிதான் சொல்கிறது. அதனால் உறவுமுறையைக் குறிப்புப் பகுதியில் தமிழில் எழுதி வைக்கிறோம். மரத்தை ஜெட்காம் என்ற கோப்பாக அவ்வப்போது இறக்கியும் வைக்கிறோம். 1984இல் வந்த வடிவம், இன்றும் ஏறக்குறைய எல்லா வம்சாவளி மென்பொருளும் அதைப் படிக்கும்.

இறக்கி வைப்பது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் 2008 வாக்கிலேயே அந்தக் காலத்தில் எல்லோரும் இருந்த ஒரு தளத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு குழு வைத்திருந்தான். எண்பது பேர்வரை இருந்தார்கள். தளம் மூடப்பட்டபோது நாங்கள் யாரும் எதையும் பிரதி எடுக்கவில்லை. ஆர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில். யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பரில். உலகம் முழுவதும் எத்தனையோ வம்சாவளி ஆர்வலர்கள் இருபது வருஷம் சேர்த்தது யாஹூவில் இருந்தது. நிறுவனங்கள் முன்கூட்டியே அறிவித்துத்தான் மூடின. ஆனால் அறிவிப்பைப் படித்து ஓடிப்போய் எடுத்து வைக்க ஓர் ஆள் இருந்த குழுக்கள்தான் பிழைத்தன.

அதனால் மாதத்தின் முதல் ஞாயிறு மாலை எனக்கு வேறு வேலை கிடையாது. குழுவின் பேச்சை ஏற்றுமதி செய்து எடுக்கிறேன். குரல்பதிவுகளை ஒவ்வொன்றாகச் சேமித்து, யார் பேசியது, எந்தத் தேதி, என்ன சேதி என்று பெயர் வைக்கிறேன். கேட்டு எழுதியும் வைக்கிறேன், ஏனென்றால் குரலைத் தேட முடியாது, எழுத்தைத் தேடலாம். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று என்னிடம், ஒன்று கூடலூரில் தம்பி வீட்டில். ஆன்ட்ராய்டு போன்களின் வாட்ஸாப் பேக்கப் முன்பு கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் கழியாது. 2024 முதல் கழிகிறது. இடம் நிறைந்ததும் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருப்பதை எங்கள் குழுவிலேயே பல போன்களில் பார்த்தேன். இதைப் படித்து முடித்ததும் உங்கள் போனின் அமைப்பில் போய்க் கடைசி பேக்கப் தேதியைப் பாருங்கள்.

பொதுவுக்குக் கொடுக்கக்கூடியதை, ‘நூலகம்’ என்றே பெயர் வைத்திருக்கும் இணையத் தளம் போன்ற இடங்களுக்குக் கொடுப்பது நல்லது. 2005இல் தொடங்கிய அந்த எண்மிய நூலகத்தில் ஈழத்து நூல்களோடு மலையகத்து மலர்கள், துண்டுப் பிரசுரங்கள், படங்கள் எல்லாம் சேர்கின்றன. கம்பளைக்குப் பக்கத்தில் பழைய லயம் ஒன்றையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் தாத்தாவின் கவ்வாத்துக் கத்தியைப் பார்த்துவிட்டு, எங்கே வைக்கலாம் என்று குழுவில் கேட்டபோது அந்த யோசனை வந்தது. இன்னும் கொடுக்கவில்லை. மனசு வரவில்லை.

குழுவில் எதைப் போடக்கூடாது என்பது, எந்தச் செயலி என்பதைவிடக் கடினமான கேள்வி. ஒரு பொதுக் குழுவில் எங்கள் உறவினர் ஒருவர் உற்சாகத்தில் மொத்தக் குடும்பத்தையும் பெயர், பிறந்த தேதி, ஊர், யார் யாருக்கு என்ன முறை என்று போட்டுவிட்டார். பத்து நாள் கழித்து என் பெரியம்மாவுக்கு ஒரு போன் வந்தது. “பெரியாயி, நான் ஒங்க தங்கச்சி பேரன் பேசுறேன், கொழும்பு ஏர்போர்ட்டுல மாட்டிக்கிட்டேன்” என்றானாம். முறை சரியாக இருந்தது. பெயர் சரியாக இருந்தது. 18,000 ரூபாய் அனுப்பிவிட்டார். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதியும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் எந்தக் குழுவிலும் எழுதப்படக்கூடாது என்பது அதற்குப் பிறகு எங்கள் சட்டம்.

இன்னொன்று ஒப்பந்த காலத்துச் சங்கடம். இந்தியாவுக்கு வரும்போது பாஸ்போர்ட்டில் தகப்பனின் பெயருக்குக் கீழே பிள்ளைகளின் பெயரை எழுதினார்கள். பெற்றவர்கள் அங்கே நிற்க, அண்ணன் மகனைத் தன் மகன் என்று எழுதிக் கூட்டி வந்தவர்கள் உண்டு. எங்கள் வீட்டிலும் உண்டு. காகிதத்தில் எனக்கு அவர் அண்ணன், ரத்தத்தில் பெரியப்பா மகன். அவருக்கே ஐம்பது வயது தாண்டித்தான் அது தெரிந்தது. நல்லவேளையாக யாரும் குழுவில் போடவில்லை, நான் நேரில் போய்ச் சொன்னேன். பிறப்பு, தத்து, இரண்டாம் கல்யாணம், ஓடிப்போனவள், தூக்குப் போட்டுக்கொண்டவர், இதெல்லாம் குடும்ப வரலாறுதான். ஆனால் முந்நூறு பேர் கைதட்டும் இடத்தில் அதைத் திறக்கக்கூடாது. சம்பந்தப்பட்டவரிடம் தனியாக, முடிந்தால் வீட்டுக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும்.

சாதியும் வரும். பூட்டன் ஊரைத் தேடும்போது சாதியைத் தொடாமல் போக முடியாது, ஆவணத்திலும் அது இருக்கிறது, எந்த லயத்தில் யாரை வைத்தார்கள் என்பதிலும் இருக்கிறது. தேடுவதற்கு ஒரு தடயமாக அதைக் கேட்கலாம். பெருமை பேசவும் மற்றவரை இறக்கிப் பேசவும் ஆரம்பித்தால் அன்றே வெளியேற்றிவிடுவோம், அவர் என் சொந்தத் தாய்மாமனாக இருந்தாலும். ஒரு தடவை தாய்மாமனையே வெளியேற்றியிருக்கிறேன். ஏழு மாதம் பேசவில்லை. பிறகு தானாக வந்தார்.

துபாய்க்காரன் கதையைச் சொல்லவில்லையே. அழைத்துப் பேச வழியில்லாததால் அவன் ஊரிலிருந்து வந்த குரல்களையெல்லாம் கேட்டுக்கேட்டு வைத்திருந்தான். அவன் அம்மா குழுவில் பேசியது ஒவ்வொன்றையும் அழியாமல் தனியாகச் சேமித்திருக்கிறான். இரவு ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்து, தூங்குவதற்கு முன் போட்டுக் கேட்பானாம். அவள் செத்த மறுவருஷம், அவன் லீவில் வந்தபோது வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில் “அம்மா கோழி வெரட்டுனது இருக்கே, அத நான் தினம் கேப்பேன் மச்சி” என்றான். எனக்குக் கை நடுங்கியது. “எந்தக் கோழி?” என்றேன்.

47 விநாடி. மழை, கோழி, பூட்டியின் பெயர், துறையூருக்குத் தெற்கே அந்த ஊர், எல்லாம் அப்படியே இருந்தது. இப்போது அது நான்கு இடத்தில் இருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஃபேஸ்புக் வாசலில் ஒருவர் தட்டியிருக்கிறார். கர்நாடகத்தில் சுள்ளியா பக்கம் ரப்பர் தோட்டத்தில் இருக்கிறாராம், தாயகம் திரும்பிய குடும்பம். முதல் கேள்விக்கு எங்கள் தோட்டத்தின் பெயரை, வெள்ளைக்காரன் வைத்ததை அல்ல, நம் ஜனங்கள் கூப்பிட்டதை எழுதியிருக்கிறார். இரண்டாவது கேள்விக்குத் தெரியாது என்று இருந்தது. மூன்றாவதற்கு, “எங்க அம்மாயி இருக்காங்க, 91 வயசு, காது கேக்காது, ஆனா பேசுவாங்க.” நான் அவருக்கு வாட்ஸாப் நம்பர் கொடுத்து, மைக்கை எப்படி அழுத்துவது என்று அம்மாயிக்குக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.